அருகில் அமர்ந்து கேட்டவர்கள்

குருவினிடம் ஒரு நாளும் பாடம் கேட்டறியாத எத்தனையோ பேர், வித்வான் ராகத்தை எடுத்த மாத்திரத்திலேயே அதன் பெயரைச் சொல்லுவதையும், தாளம் பிசகாமல் தொடையில் தட்டிக்கொண்டு வருவதையும், கீர்த்தனத்தின் எந்த அடியில் நிரவல் தொடங்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்து நிமிர்ந்து உட்காருவதையும் நம் ஊர்ச் சபாக்களில் பார்க்கலாம். இவர்களுக்குக் கேள்வி ஞானம் உண்டு என்று உலகம் சொல்லும். அந்த ஞானம் எப்படி வருகிறது என்று யாரேனும் என்னைக் கேட்டால், நல்ல வித்வான்களின் பாட்டினாலே பாதியும், பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கேட்கும் சிநேகிதர்களாலே பாதியும் வருகிறது என்றே விடை சொல்லுவேன். வித்வான்களைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். சிநேகிதர்களிடம் ஒரு ரசிகன் பட்டிருக்கும் கடனைப் பற்றி எழுதியவர்கள் சிலரே ஆதலால், அதையே இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கிராமபோனும் வானொலியும் ஸங்கீதத்துக்குச் செய்த உபகாரம் சாமானியமானது அன்று. ஆயினும், பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷப் பாட்டுக்குத்தான் இடம் இருந்தது. நேரில் கேட்கும் கச்சேரியோ மூன்று மணி நேரம் எந்தத் திசையில் போகும் என்பது, பாடுகிறவர் உட்பட ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் எல்லாம் அந்த க்ஷணத்தில் மனோதர்மமாகப் பிறப்பவை. முன்வரிசையில் ரசிகர் ஒருவர் தலையை அசைத்து 'பலே' என்றால், பாடகர் அந்தப் பிடியையே இன்னும் நான்கு விதமாக விரித்துக் காட்டத் தொடங்குவார். கேட்கிறவன் கச்சேரியின் ஓர் அங்கமாகிவிடுகிறான் என்பதை நேரில் போய் உட்கார்ந்தால்தான் அறியலாம்.

சென்னையின் மார்கழி விழாவுக்கு வித்திட்டது, 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபை. அதையொட்டி நடந்த ஸங்கீத மகாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி என்னும் ஸங்கீத வித்வத் சபை தோன்றியது. அது ஆண்டுதோறும் நடத்திய கச்சேரிகளைச் சுற்றிப் பிற சபாக்களும் தத்தம் விழாக்களை அமைத்துக்கொண்டன. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய ஸ்தானம் வேண்டும் என்ற கிளர்ச்சியிலிருந்து 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. நாங்கள் சிநேகிதர்களாகச் சேர்ந்து கேட்கப் புறப்பட்ட காலத்தில், மயிலாப்பூர், தியாகராயநகர், திருவல்லிக்கேணி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கச்சேரி நடந்துகொண்டிருந்தது. பகல் வேளைக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அவற்றில் பாடுகிறவர்கள் இளைஞர்களாக இருப்பார்கள். பிற்காலத்தில் பெரிய பெயர் எடுக்கப் போகிறவரை, இருபது பேர் மட்டுமே இருக்கும் கூடத்தில் கேட்கும் பாக்கியம் அங்கே கிடைக்கும்.

எங்கள் கோஷ்டியில் ஒருவர் சிறு வயதில் மிருதங்கம் பயின்று, குடும்ப பாரத்தினால் மேடை ஏறாமல் குமாஸ்தா உத்தியோகத்துக்குப் போனவர். இன்னொருவர் தமிழாசிரியர். மூன்றாமவர் தஞ்சாவூர் ஜில்லாவில் தவில் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். எனக்குக் கேட்கும் ஆசை ஒன்றே மூலதனம். முதல் பாடத்தை மிருதங்க நண்பர்தாம் சொல்லிக்கொடுத்தார். கச்சேரி நடக்கும்போதே என் வலக்கையைப் பிடித்து ஆதி தாளத்தைப் போடச் செய்தார். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை, அப்புறம் தட்டும் வீச்சும் இரண்டு முறை. ஆக எட்டு அக்ஷரம். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் பாட்டு ஓரிடத்தில் நீண்டும், ஓரிடத்தில் நெருங்கியும், தாளத்தின் முதல் தட்டுக்கு அரை அக்ஷரம் தள்ளியும் எழும்போது, கை மட்டும் தன் நடையை மாற்றாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். கையில் தாளம் ஏறிய பிறகே, பாட்டு காலத்தின் மேல் எப்படி நிற்கிறது என்பது எனக்குப் புலப்பட்டது. புதிதாகக் கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனையும் அதுவே: ராகத்தின் பெயர் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், தாளம் போடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இன்று நாம் கேட்கும் கச்சேரிக்கு உருவம் கொடுத்தவர் அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் (1890–1967). வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சிறு கீர்த்தனங்களால் சபையைத் தயார் செய்து, விரிவான ஆலாபனையோடு கூடிய பெரிய கீர்த்தனத்துக்கும் ராகம் தானம் பல்லவிக்கும் வந்து, பிறகு பதம், ஜாவளி, விருத்தம், தில்லானா என்னும் துக்கடாக்களில் இளைப்பாறி, மங்களத்தில் முடிக்கும் பத்ததியை நிலைநாட்டியவர் அவர்தாம் என்று வித்வான்கள் ஒருமுகமாகச் சொல்லுகிறார்கள். இதில் சிநேகிதர்களுக்கு மிகுந்த வேலை கொடுப்பது ஆலாபனை. அதில் ஸாஹித்யம் இல்லை. ராகத்தின் பெயரை மேடையிலிருந்து அறிவிக்கும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. வித்வான் மூன்று நான்கு ஸ்வரங்களைத் தொட்டவுடனே எங்கள் வரிசையில் பார்வைகள் பரிமாறப்படும். தர்பாரா, நாயகியா என்ற வழக்கு எத்தனையோ மாலைகளில் எங்களிடையே நடந்தது. தர்பாரில் காந்தாரமும் நிஷாதமும் இரட்டித்து அசைந்து எழும், நாயகி நிதானம் தவறாமல் வழுவழுப்பாக நடக்கும் என்று தமிழாசிரியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, எந்தப் புத்தகத்தில் படித்ததைக் காட்டிலும் ஆழமாக நின்றுவிட்டது. ஏனெனில் அவர் அதைச் சொல்லி வாய் மூடிய மறுகணமே அந்தப் பிடி மேடையிலிருந்து வந்து விழுந்தது.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வெளியே போகிற வழக்கம் நம்மவர்களிடையே வேரூன்றிவிட்டது. சபாவைச் சேர்ந்த சிற்றுண்டிச்சாலையின் ரவா தோசைக்கும் காபிக்கும் அந்தச் சமயத்தில்தான் கூட்டம் அதிகம். எங்கள் மிருதங்க நண்பர் இதை ஒரு நாளும் அனுமதித்ததில்லை. மிருதங்கமும் கடமும், அல்லது கஞ்சிராவும், முதலில் தனித்தனியே விஸ்தாரமாக வாசிக்கும். பின்பு நான்கு ஆவர்த்தனத்துக்கு நான்கு, இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று, அரைக்கு அரை என்று குறைப்பு செய்துகொண்டே வந்து, இருவரும் ஒன்றாகக் கூடி மோராவை வாசித்து, மூன்று முறை வரும் கோர்வையின் கடைசி அடியில், பாட்டு எந்த இடத்தில் நின்றதோ அந்த எடுப்பிலேயே பாடகரிடம் ஒப்படைப்பார்கள். அவ்வளவு நேரமும் பாட்டைச் சற்றும் மறவாமல் தாளத்தைக் கையில் ஏந்தியிருந்து, அந்தக் கோர்வை முடிகிற இடத்தில் மேடையில் இருப்பவர்களோடு சேர்ந்து கூடத்தில் நூற்றுக்கணக்கான கைகள் ஒரே சமயத்தில் விழுவதை ஒரு தடவை அநுபவித்தவர், பிறகு தனியின்போது எழுந்து போக மாட்டார்.

மண்டபத்துக்குள் கேட்பது ஒரு வகை. கோயில் உத்ஸவத்தில் கேட்பது முற்றிலும் வேறு வகை. தவில் குடும்பத்து நண்பர் எங்களைச் சோழ நாட்டு ஊர்களுக்கு அழைத்துச் சென்றபோதுதான் நாகஸ்வரத்தின் பெருமையை நான் உணர்ந்தேன். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி எழும். அதற்கு ஸாஹித்யம் இல்லை, தவிலின் ஜதிக்கட்டோடு இணைந்த நாதம் மட்டுமே. வீதி வீதியாகச் சுவாமியுடன் நடந்து, முக்கிலும் சந்தியிலும் பல்லக்கு நிற்கும்போது நாமும் நின்று, ஆலாபனை நள்ளிரவு தாண்டிப் போய்க்கொண்டிருக்கையில் திண்ணையில் சற்றுச் சாய்ந்து, மறுபடியும் எழுந்து கூடப் போவதுதான் அங்கே கேட்கும் முறை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இப்படிப்பட்ட வீதிகளில் தோடி ராகத்தை மணிக்கணக்காக வாசித்ததைப் பற்றிய கதைகளை எங்கள் நண்பர் தம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு, நடந்துகொண்டே எங்களுக்குச் சொல்லுவார். உச்ச ஸ்தாயியில் ஒலிக்கும் குட்டையான திமிரியை விட்டு, நீண்ட பாரி நாகஸ்வரம் வழக்கத்துக்கு வந்ததும் அவர் காலத்தில்தான். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்த வாத்தியம் அது. சுருதி இறங்கியதனால் நாதத்துக்குக் குழைவும் கனமும் கூடின. வெட்டவெளியில் அந்த நாதம் இயல்பாகவே நெடுந்தூரம் போகும்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்துக்கு மிக நெருங்கியது திருவையாறு. தஞ்சாவூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொன்றாகப் பாலம் கடந்து, கடைசியில் காவிரியையும் தாண்டினால் ஊர் வந்துவிடும். தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் ஆண்டு ஜனவரியில், புஷ்ய பகுள பஞ்சமியன்று, காவிரிக்கரையில் சமாதி அடைந்தார். அந்தத் திதியில் சிஷ்ய பரம்பரையினர் ஆராதனை செய்து வந்தார்கள். பின்னர் வித்வான்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து தனித்தனியே நடத்தினார்கள். சமாதிக்கு இன்றுள்ள ஆலயத்தைக் கட்டுவித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). தம் செல்வத்தைச் செலவிட்டு அந்தத் திருப்பணியைச் செய்த அம்மையாருக்கும், அவரைப் போன்ற பெண்களுக்கும், ஆராதனையில் பாட இடம் இல்லை என்று அக்காலத்துப் புருஷர்கள் மறுத்தார்கள். அவர் மனம் தளரவில்லை. பெண்களைக் கொண்டே தனியாக ஓர் ஆராதனையை நடத்திக்காட்டினார். 1940-இல் கட்சிகள் ஒன்றுபட்டன. பெண்களும் சமமாக உட்கார்ந்து பாடும் உரிமை நிலைத்தது. அம்மையாரின் நினைவிடமும் அங்கேயே, சுவாமிகளின் சந்நிதிக்கு அருகிலேயே இருக்கிறது. திருவையாற்றுக்கு யார் போனாலும் அங்கே சற்று நின்று வணங்கிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அந்த வேகமும் தியாகமும் இராவிட்டால், பந்தலில் இன்று நாம் காணும் பாதிப்பேர் அங்கே வாய் திறந்திருக்க முடியாது.

பஞ்சமி காலையில், சுவாமிகள் வாழ்ந்த திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுச் சமாதிக்கு வரும். பந்தலில் வித்வான்கள் எதிரெதிர் வரிசைகளாகத் தரையில் அமர்வார்கள். வயது முதிர்ந்த ஸங்கீத கலாநிதிக்குப் பின்னால் அப்போதுதான் அரங்கேறிய பையன் உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பின்னால் புத்தகமும் கையுமாக எங்களைப் போன்ற ரசிகர்கள். புல்லாங்குழலில் பைரவி முடிந்ததும் நாட்டையில் பஞ்சரத்தினம் தொடங்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து கன ராகங்கள்; ஐந்தும் ஆதி தாளம்; முதலாவது ஸம்ஸ்கிருதம், மற்றவை தெலுங்கு. நூற்றுக்கணக்கான வீணைகளும் வயலின்களும் குரல்களும் ஒன்றாய்ச் சேரும்போது, ஓர் ஓரத்தில் காலப்பிரமாணம் சற்று முந்துவதும், மற்றோர் ஓரத்தில் பிந்துவதும் உண்டு. அதைக் குறை சொல்லுகிறவர்களுடைய வாதம் எனக்குத் தெரியும். கச்சேரி லட்சணத்தைத் தேடி அங்கே போவது முறையன்று என்பது என் திடமான அபிப்பிராயம். மேடையில் பாடுகிறவர், கீழே கேட்கிறவர் என்ற பேதம் வருஷத்தில் அந்த ஒரு காலைப்பொழுதாவது அகன்று, எங்கள் தமிழாசிரியர் தம் கரகரத்த குரலில், அதுவரை மேடையில் மட்டுமே கண்ட ஒரு பெரியவரோடு சேர்ந்து ஆரபியைப் பாடியபோது அவர் முகத்தில் கண்ட மலர்ச்சியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அன்று பகலிலும் இரவிலும் ஆராதனைக் கச்சேரிகள் அடுத்தடுத்து நடக்கும். எவ்வளவு பிரபலமானவருக்கும் சிறிது நேரமே ஒதுக்கப்படும். அதைச் சன்மானம் வாங்காத காணிக்கையாகவே பாடுவது சம்பிரதாயம். இடையே எழுந்து கடைத்தெருவுக்குப் போய், அவ்வூருக்கே உரிய அசோகாவைச் சூடாக வாழை இலைத் துண்டில் வாங்கிச் சாப்பிடுவோம். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யில் சுருளக் கிண்டிய இனிப்பு அது. கையில் நெய் வழிய நின்றுகொண்டே, சற்று முன் கேட்ட காம்போதியைப் பற்றிய விவாதம் தொடரும். மிருதங்க நண்பருக்கு ஒலிபெருக்கியில் நம்பிக்கை கிடையாது. பாலக்காடு மணி ஐயரே அது வேண்டாம் என்று வாதாடி, அது இல்லாமல் கச்சேரி செய்துகாட்டினாரே என்பார். நெருங்கி அமர்ந்து, தோல் வாத்தியத்தின் தொப்பியிலிருந்து எழும் கும்காரத்தை நேராகக் காதால் வாங்கியவர்கள் அவர் பேச்சை மறுக்கத் துணிய மாட்டார்கள். அதற்காகவே நாங்கள் நண்பர்களின் வீட்டுக் கூடங்களில் சிறு கச்சேரிகளும் ஏற்பாடு செய்துவந்தோம்.

பஞ்சரத்தினங்களில் நான்காவதாகிய வராளிக் கீர்த்தனத்தைப் பற்றி ஒரு விசேஷம் உண்டு. வராளியைக் குரு சிஷ்யனுக்கு நேராகப் பாடம் சொன்னால் இருவருக்கும் பகை மூளும் என்ற நம்பிக்கை வித்வான்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதனால் பிறர் பாடக் கேட்டே அதைப் பிடித்துக்கொள்ளுவது வழக்கம். மேடைகளில் அதிகமாகக் கேட்கக் கிடைக்காத இந்தக் கீர்த்தனத்துக்கு, ஆராதனைப் பந்தல்தான் பலருக்குப் பாடசாலை. மிருதங்க நண்பரின் பேத்தி இப்போது பாட்டுக் கற்று வருகிறாள். மற்ற நான்கையும் அவளுடைய ஆசிரியை பாடம் சொல்லி முடித்துவிட்டார்; வருகிற பஞ்சமிக்கு அவளையும் அழைத்துப் போகிறோம், எங்கள் நடுவே உட்கார்ந்து வராளியைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று.