நடந்தே திருப்பதி – 4: பெருமாளின் செருப்பு

செருப்பு போட்டு நடப்பதா, வெறுங்காலோடு நடப்பதா என்ற சண்டையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். ஐந்து பேர் கொண்ட எங்கள் கூட்டத்தில் மூன்று பேருக்குத் தோலும் செருப்பும்தான் பிழைப்பு. அதனால் சண்டை சீக்கிரம் முடியவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை திருமலையில் இருக்க வேண்டுமானால் பேரணாம்பட்டிலிருந்து புதன்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். குடியாத்தம், பரதராமி, சித்தூர், சந்திரகிரி வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு வெறுங்காலில் போனால்தான் வேண்டுதல் என்பது இளைஞர்கள் இருவரின் கட்சி. ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள் அவர்கள். எதிர்க்கட்சியில் ஒரே ஆள், நாங்கள் மாமா என்று கூப்பிடும் பெரியவர். பேரணாம்பட்டுத் தோல் ஷாப்புகளில் முப்பது வருஷம் உழைத்தவர்.

"நான் முப்பது வருஷம் வெறுங்காலோடதான் சுண்ணாம்புத் தொட்டியில நின்னேன். அது எந்த சாமிக்குப்பா வேண்டுதல்?" என்றார்.

அவர் காலைப் பார்த்தவர்களுக்கு மறுபேச்சு வராது. உப்புத் தோலை ஊறவைத்து, முடி கழல்வதற்காகச் சுண்ணாம்பில் போட்டு, புரட்டி எடுப்பது அந்தக் காலத்தில் கையும் காலும் செய்த வேலை. இப்போது டிரம் சுற்றுகிறது. சுண்ணாம்பு தின்ற குதிகாலில் வெடிப்பு மூடுவதில்லை. அதற்குப் பிறகு வருகிற குரோம் உப்பு விரலிடுக்கில் படை படையாக அரிப்பைக் கொண்டுவந்து நிறுத்தும். வேண்டுதலுக்காகக் கழற்றி வைக்க அவரிடம் அப்போது செருப்பே இருந்ததில்லை.

மாமா அடுத்துப் போட்டதுதான் பெரிய போடு. "பெருமாளே செருப்பு போட்டுகினுதான் நடக்கிறாரு. உங்களுக்கு இன்னா?"

திருமலைக்குப் படியேறியவர்களுக்குத் தெரிந்த சங்கதி இது. அலிபிரியில் படி தொடங்கும் இடத்தில் பாதாள மண்டபம் என்று ஒன்று உண்டு. பூமிக்கடியில் இருக்கும் பாதாளம் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். தெலுங்கில் 'பாதால' என்றால் பாதங்களுடைய என்று பொருள். அங்கே பக்தர்கள் பெருமாளின் பாதுகைகளைத் தலையில் தூக்கிவைத்துச் சுற்றி வருகிறார்கள். ராத்திரியில் பெருமாள் மலையிறங்கித் திருச்சானூர்த் தாயாரைப் பார்த்துவிட்டு வருகிறார், அதனால் செருப்பு தேய்ந்துபோகிறது என்பது ஜனங்கள் சொல்லும் கதை. தேய்ந்தால் புதுசு வேண்டுமே. தோல் வேலை செய்கிறவர்கள் பெரிய பெரிய செருப்புகளாகத் தைத்து வந்து காணிக்கை வைப்பது வெகுகாலத்து வழக்கம். எல்லாத் தெய்வத்துக்கும் பொன்னும் பட்டும் கிடைக்கும். மாட்டுத்தோல் செருப்பை ஆசையாக வாங்கிக்கொள்ளும் தெய்வம் எத்தனை?

ஆனால் செருப்புக்குக் கிடைத்த மரியாதை, தைத்தவருக்குக் கிடைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். திருப்பதி அப்போது இந்த மாகாணத்தில்தான் இருந்தது. அதுவரை தைத்த கை கோயில் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருந்தது. மாமாவின் தாத்தா அலிபிரியோடு திரும்பிவிட்டவர். மலைமேல் என்ன இருக்கிறது என்று கேட்டால், "மேகம்" என்பாராம்.

ஆக, செருப்பு உண்டு என்று முடிவானது. என்ன செருப்பு? இங்கேதான் கம்பெனிப் பையன்கள் வாயைத் திறந்தார்கள். ஷூவை லாஸ்ட் என்னும் கால் அச்சின்மேல் இழுத்துத்தான் தைப்பார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவின் லாஸ்ட் முன்பக்கம் ஒடுங்கியிருக்கும். சின்ன வயதிலிருந்து வெறுங்காலில் திரிந்த நம் காலோ விரல் பக்கம் அகன்றது. "எங்க கம்பெனி ஷூ எங்க காலுக்கே ஏறாதுண்ணா" என்றான் ஒருவன். நாளெல்லாம் ஷூ தைக்கிறவன் ரப்பர் செருப்பில் வேலைக்குப் போவதற்குக் காசு மட்டும் காரணமில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் மாமாவும் நானும் பழைய வார்ச் செருப்பு, மளிகைக்கடை நண்பர் கேன்வாஸ், பையன்கள் இருவரும் பிடிவாதமாக வெறுங்கால்.

விடிகாலை மூன்றரைக்கு டீக்கடையில் மாமாவின் பழைய மேஸ்திரி பாய் காத்திருந்தார். ஐந்து டீக்கும் காசு கொடுத்துவிட்டு, "லட்டு மறந்துடாதீங்க" என்றார். போன தடவை நாங்கள் மறந்ததை அவர் மறக்கவில்லை.

ஊரைத் தாண்டும்வரை தோல் பதனிடும் வாசனை கூடவே வந்தது. பாலாற்று மாசு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று சட்டக் கல்லூரிகளில் பாடம் நடத்தும்போது இந்த வழக்கைச் சொல்லாமல் விடமாட்டார்கள். வாசனை மட்டும் தீர்ப்பைப் படிக்கவில்லை.

1954இல் முதலமைச்சர் காமராஜரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய குடியாத்தத்தில் இட்லி சாப்பிட்டோம், வேறொன்றும் விசேஷமில்லை. அங்கிருந்து பரதராமி சாலைதான் சோதனை. புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அன்று காய்கிற முறை. பதினொரு மணிக்குத் தார் கொதித்தது. பையன்கள் சாலையோர வெள்ளைக்கோட்டின்மேல் அடியெடுத்து வைத்து நடந்தார்கள். கறுப்பைவிட வெள்ளை சூடு குறைவாம். பன்னிரண்டு மணிக்கு வெள்ளையும் கைவிட்டது. புளியமர நிழலில் படுத்துவிட்டு மூன்றரைக்குமேல்தான் எழுந்தோம்.

இருட்டும்போது பரதராமி. தாண்டினால் ஆந்திரா. எங்கள் தாத்தாக்களுக்கு இது எல்லையே இல்லை. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர்தான். கலெக்டரைப் பார்க்க இதே சாலையில் போயிருப்பார்கள்.

ராத்திரி கொப்புளக் கணக்கு எடுத்தோம். வெறுங்கால் பையன்களுக்கு ஏழு, கேன்வாஸ்காரருக்கு நான்கு, எனக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்றும் இல்லை. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே அடுத்த சண்டை தொடங்கியது. ஸ்ரீவாரி மெட்டு வழியென்றால் 2,388 படி, எங்கள் பாதையில் முன்னாலேயே வந்துவிடும். அலிபிரி 3,550 படி, திருப்பதிவரை போய்ச் சுற்ற வேண்டும். கொப்புளக்காரர்கள் எல்லாரும் ஸ்ரீவாரி மெட்டு.

மாமா ஒன்றும் பேசாமல் பையைத் திறந்தார். தினசரித்தாளில் சுற்றிய ஒரு ஜோடி செருப்பு. குரோம் தோல் இல்லை, ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழுப்புத் தோல். முழுக்கக் கைத்தையல்.

"பெருமாளுக்கு இன்னா சைஸ் மாமா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அவருக்கு எந்தக் கம்பெனிடா லாஸ்ட் வெச்சிருக்குது? என் கால வெச்சுதான் வரைஞ்சேன்."

அலிபிரி என்று முடிவாயிற்று.

இந்தப் புரட்டாசியில் நடக்கப்போகிற வாசகர்களுக்கு ஒன்று: செருப்போ ஷூவோ, புதிதாக வாங்கினால் ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகிவிடுங்கள். கிளம்புகிற அன்று புதுச் செருப்பு போடாதீர்கள்.

(நடை தொடரும்)