15 படுக்கை, ஒரே வைத்தியர்... திருமுக்கூடல் கல்வெட்டுக்குள் ஒரு வீடியோ கேம்! - ஃபைனல் இயர் டீம்களுக்குச் சில டிப்ஸ்

காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் என்பதால் இந்தப் பெயர். இங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், 11-ம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலை ஒட்டி நடந்த பள்ளி, மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றின் வரவு செலவை அது பட்டியல் போடுகிறது.

மருத்துவமனையின் பெயர் ‘வீரசோழன்’ ஆதுலசாலை. மொத்தம் 15 படுக்கைகள். வைத்தியர் ஒருவர், அறுவை சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து தயாரிக்க இருவர், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள் இருவர். யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு, எந்தெந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது.

கேம் விளையாடிப் பழகியவர்களுக்கு இந்தப் பட்டியலைப் பார்த்ததும் சட்டென்று ஒன்று தோன்றும். படுக்கை குறைவு, ஆள் குறைவு, மருந்துக்கும் அளவு உண்டு. அப்படியானால் 16-வது நோயாளி வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியே ஒரு கேமுக்குப் போதும். ஃபைனல் இயர் புராஜெக்டாக வீடியோ கேம் செய்ய ஆசைப்படும் டீம்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதைத்தான்.

எங்கே சறுக்குகிறது?

நான்கு நண்பர்கள் சேர்ந்து டீம் போடுகிறார்கள். “ஜிடிஏ மாதிரி பண்ணலாம்டா... பெரிய சிட்டி, கார், ஃபைட், மல்டிபிளேயர்” என்று முதல் நாளே பேச்சு பறக்கிறது. ஜிடிஏ போன்ற கேம்களுக்கு நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்கிறார்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை. கடைசியில் ரிவ்யூ நாளன்று திரையில் ஒரு பொம்மை மட்டும் நடக்கும். அதுவும் சுவருக்குள் புகுந்து போகும்!

திறமை இல்லாததால் இப்படி ஆவதில்லை. எதையெல்லாம் செய்ய வேண்டாம் என்று டீம் முடிவு செய்யாததுதான் காரணம். இதில் மதிப்பெண் போவது ஒரு பக்கம். கோடிங் தெரிந்த ஒருவர் மட்டும் ராத்திரி முழுக்கக் கண்விழிக்க, மற்ற மூவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, மூன்று வருட நட்பே முறிந்துபோவதும் உண்டு.

குதிக்கத் தெரியாத இளவரசி

அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில் இருக்கிறது டிஜிபென் கல்லூரி. 2005-ல் அங்கு படித்த ஏழு மாணவர்கள் ‘நார்பாகுலர் டிராப்’ என்ற கேமைத் தங்கள் புராஜெக்டாகச் செய்தார்கள். ‘நார்பாகுலர்’ என்றொரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது. இணையத்தில் தேடினால் தங்கள் கேம் மட்டும்தான் வர வேண்டும் என்று அவர்களே உருவாக்கிய பெயர் அது.

நிலவறையில் சிக்கிய ஓர் இளவரசி தப்பிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. அவள் பெயரே ‘முட்டி இல்லாதவள்’ என்று அர்த்தம் தரும். முழங்கால் மடங்காது என்பதால் அவளால் குதிக்க முடியாது. மாணவர்களுக்கும் குதிக்கும் அனிமேஷன் செய்கிற வேலை மிச்சம்! அவளுக்குத் துணை, சுவரில் திறக்கும் இரண்டு வாசல்கள். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளியே வரலாம். இந்த ஒரே விதியை வைத்துத்தான் எல்லாப் புதிர்களையும் அமைத்தார்கள்.

கல்லூரியில் நடந்த வேலைவாய்ப்பு நிகழ்ச்சியில் ‘வால்வ்’ நிறுவனத்தைச் சேர்ந்த ராபின் வாக்கர் இதைப் பார்த்தார். டீமைத் தங்கள் அலுவலகத்துக்கே வரச் சொன்னார். அங்கே டெமோ பார்த்த நிறுவனத் தலைவர் கேப் நியூவல், மொத்த டீமுக்கும் வேலை கொடுத்தார். கிம் ஸ்விஃப்ட் உள்ளிட்ட அந்த மாணவர்கள் அதே இரட்டை வாசல் ஐடியாவை வைத்து உருவாக்கியதுதான் 2007-ல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ‘போர்ட்டல்’. 2011-ல் வந்த ‘போர்ட்டல் 2’-விலும் இதே கதைதான். அதில் வரும் பெயின்ட் ஐடியா, அதே கல்லூரியின் இன்னொரு மாணவர் டீம் செய்த புராஜெக்டிலிருந்து வந்தது.

அம்மாவின் சமையல் நோட்டு

நம் மொழிக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. கனடாவில் இருக்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய டீம் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, மாணவர் புராஜெக்ட் இல்லை. ஆனால் ஒரு கேமை எப்படிச் சிறிதாக வைத்துக்கொள்வது என்பதற்கு நல்ல பாடம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தில், அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு சிதைந்து கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி, புட்டு என்று சமைக்க வேண்டும். ஒரே மூச்சில் விளையாடி முடித்துவிடலாம். துப்பாக்கியும் கார் ரேஸும் இல்லாத இந்தச் சின்ன கேம்தான் 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது.

கம்ப்யூட்டருக்கு முன்னால் புளியங்கொட்டை

சரி, இப்போது திருமுக்கூடலுக்கு வருவோம். இந்தக் கல்வெட்டை கேமாக்க நினைக்கும் டீம் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன், ஒரு சார்ட் பேப்பரும் புளியங்கொட்டையும் எடுத்துக்கொள்ளலாம். பேப்பரில் 15 கட்டங்கள் வரைந்தால் அவை படுக்கைகள். புளியங்கொட்டைகள் நோயாளிகள். தாயக்கட்டையை உருட்டினால் இன்று எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியும். தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் போன்ற கல்வெட்டு சொல்லும் மருந்துகளைச் சீட்டுகளாக எழுதிக்கொள்ளலாம். மூலிகை தேட ஆள் அனுப்பினால் அன்றைக்கு மருந்து அரைக்க ஆள் குறையும். இப்படி இரண்டு மூன்று விதிகள் போதும்.

நம் பாட்டி தாத்தாக்கள் விளையாடிய ஆடுபுலி ஆட்டமும் இப்படித்தானே? 3 புலி, 15 ஆடு, சில கோடுகள். கோயில் தரைக் கற்களில்கூட அந்தக் கட்டங்களைப் பல ஊர்களில் பார்க்கலாம். பேப்பரில் விளையாடும்போதே போரடித்தால், கிராஃபிக்ஸ் சேர்த்தாலும் போரடிக்கத்தான் செய்யும். விதியை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும். கோடு எழுதிய பிறகு மாற்ற ஒரு மாதம் ஆகும்.

நோயாளிகளின் கதைகளை டீமே எழுதிக்கொள்ளலாம். ஆனால் எது கல்வெட்டில் உள்ளது, எது கற்பனை என்பதை கேமுக்குள்ளேயே சொல்லிவிடுவது நல்லது. கல்வெட்டின் பாடம் ‘எபிகிராஃபியா இண்டிகா’ 21-வது தொகுதியில் அச்சாகியிருக்கிறது.

யாருக்கு என்ன வேலை?

* நான்கு பேர் என்றால் புரோகிராமிங், படங்கள், ஒலி, கதையும் டெஸ்டிங்கும் என்று முதல் வாரமே பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிவ்யூவில் ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் பதில் இருக்கும்.

* வாரம் ஒருநாள், அதுவரை செய்தது எதுவானாலும் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். அரைகுறைப் படமாக இருந்தாலும் பரவாயில்லை.

* எல்லோருடைய வேலையும் ‘கிட்’ போன்ற வசதியில் சேமிக்கப்படட்டும். ஒரே லேப்டாப்பில் மொத்த புராஜெக்டையும் வைத்திருப்பது ஆபத்து.

* இலவசமாகக் கிடைக்கும் ‘கோடோ’ இன்ஜினே ஆரம்பத்துக்குப் போதும். தமிழில் கேம் செய்பவர்கள் 2023-ல் வந்த 4-ம் பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ எடுங்கள். பழைய பதிப்புகளில் ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறிப்போகும். முதல் நாளே ஒரு தமிழ் வரியைத் திரையில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

* சினிமா பாட்டை பிஜிஎம்மாக வைத்தால் கேமை வெளியிடும்போது காப்பிரைட் பிரச்னை வரும். வீட்டு உரல் சத்தமும் ஆற்றங்கரைக் காற்றும் உங்கள் போனிலேயே பதிவாகும்.

* டீமுக்கு வெளியே உள்ளவர்களிடம் விளையாடக் கொடுங்கள். தம்பி, அத்தை, பக்கத்து வீட்டு மாமா என்று யாராக இருந்தாலும் சரி. எப்படி விளையாடுவது என்று சொல்லிக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் எங்கே திணறுகிறார்களோ, அங்கேதான் அடுத்த வார வேலை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

“எப்பப் பாரு கேம்தானா?” என்று கேட்கும் அப்பா அம்மாக்கள், பிள்ளை கேம் விளையாடுகிறானா அல்லது கேம் செய்கிறானா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். செய்வதில் கணக்கு, ஓவியம், கதை, நான்கு பேரோடு ஒத்துப்போவது என எல்லாம் இருக்கிறது. முதல் வெர்ஷனை விளையாடிப் பார்த்து, “இது புரியலையே கண்ணு” என்று சொன்னால் அதுவே பெரிய உதவி.

டீமாகச் சேர்ந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடலுக்குப் போய் வரலாம். கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ சாக்பீஸோ பூசாமல் பார்த்துவிட்டு வாருங்கள். அப்படியே ஆற்றங்கரையில் உட்கார்ந்து, அந்த 16-வது நோயாளியை என்ன செய்வது என்று பேசி முடிவெடுங்கள்.