முற்றத்துக் குளத்துக்கு யார் காவல்?

முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்து அல்லி வளர்க்க ஆசையா? "ஐயோ, நுளம்பு பெருகுமே" என்று வீட்டில் தடுக்கிறார்களா? அதற்குக் கப்பி மீன் இருக்கிறதே!

நுளம்புக் குடம்பிகள் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். கப்பியின் வாய் மேல்நோக்கி இருப்பதால், அங்கேயே லபக்கென்று பிடித்துவிடும். மன்னாரில் 2016இல் மலேரியாவைப் பரப்பக்கூடிய புதுவகை நுளம்பு தென்பட்ட பிறகு, கிணறுகளில் விடப்பட்டதும் இப்படிக் குடம்பி தின்னும் மீன்கள்தான்.

இன்னொரு நல்ல சங்கதி. கரவெட்டிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலில் வெள்ளையாய்ப் படியுமே, அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் கப்பிக்கு நன்றாக ஒத்துவரும். தொட்டியில் பாதிக்கு அல்லி இலை நிழல் இருந்தால் வெயிலையும் தாங்கிக்கொள்ளும். தீனியை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் குடம்பியைத் தேடாது.

குஞ்சுகள் பெருகினால் அயலவருக்குக் கொடுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ தயவுசெய்து விடவேண்டாம். கப்பி தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன். எங்கள் குளத்து மீன்களுக்கு அது இடைஞ்சல்.