மூளைக்குள் ஒரு கடற்குதிரை

உடற்கூறு பயின்ற நாட்களில் ஒருநாள், ஃபார்மலினில் ஊறிக் கெட்டிப்பட்ட மூளை ஒன்றை ஆசிரியர் என் கையில் தந்தார். "காதுக்கு நேர் உள்ளே இருக்கும் மடலைத் திறந்து பார், ஒரு கடற்குதிரை கிடக்கும்" என்றார். கத்தியை மெல்லச் செலுத்தினேன். மூளைநீர் தங்கும் இடுக்கு ஒன்று திறந்தது. அதன் தரையில், சுண்டுவிரல் நீளத்திற்கு, முன்புறம் தடித்துப் பின்புறம் ஒடுங்கி, வெண்மையான மேடு ஒன்று வளைந்து கிடந்தது. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. இதுவே ஹிப்போகாம்பஸ். எனக்கு அது குதிரையாகத் தோன்றவில்லை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

பெயரிட்டவருக்கே அந்த ஐயம் இருந்தது. இத்தாலியில் பொலோனா நகரத்து அரான்சி, 1587-இல் இதனை விவரித்தபோது, கடற்குதிரை என்பதா, பட்டுப்புழு என்பதா என்று தயங்கினார். பின்வந்தோர் ஆட்டுக்கடாவின் கொம்பு என்றனர். உவமைகள் பெருகின, தொழில் மட்டும் விளங்கவில்லை. வாசனை அறியும் உறுப்பென்றே பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

கத்தி காட்டுவது வடிவத்தை மட்டுமே. உள்ளமைப்பைக் காண, 1873-இல் கோல்கி என்ற இத்தாலியர் ஒரு வழி கண்டார். ரசாயன உப்பில் பதப்படுத்திய மூளைத்துண்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால், நூற்றில் ஒருசில நரம்பணுக்கள் மட்டும், கிளையெல்லாம் தெரியும்படி கறுத்துவிடும். எல்லாம் கறுத்தால் அடர்ந்த புதராகிவிடும். சில மட்டும் கறுப்பதே இம்முறையின் சிறப்பு. ஸ்பெயின் நாட்டு கஹால் இதனைச் செம்மைப்படுத்திக் கடற்குதிரையின் அணு வரிசைகளை வரைந்தார். அருகிலுள்ள மூளைப் புறணியே இதற்கு வாயில். அங்கிருந்து வரும் செய்தி சிறிய அணுக்களுக்கும், அவற்றிலிருந்து முக்கோண வடிவப் பெரிய அணுக்களுக்கும் கைமாறி வெளியேறுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற இளைஞர் கடுமையான வலிப்பு நோயால் வருந்தினார். மருந்துகள் பயன்படவில்லை. 1953 ஆகஸ்டில், அவருடைய 27-ஆம் வயதில், ஹார்ட்ஃபோர்டு நகரத்து அறுவை நிபுணர் ஸ்கோவில், இருபுறத்துக் கடற்குதிரைகளையும் சூழ்ந்த பகுதிகளோடு உறிஞ்சி நீக்கினார். வலிப்பு குறைந்தது. ஆனால், சற்றுமுன் பேசியவர் வெளியே சென்று திரும்பினால், மொலேசனுக்கு அவர் புதியவர்! இளமை நினைவுகள் இருந்தன, அறிவுக்கூர்மை குன்றவில்லை, புதிய நிகழ்ச்சி எதுவும் மனத்தில் தங்கவில்லை.

ஸ்கோவில் இதை மறைக்கவில்லை. உளவியலறிஞர் பிரெண்டா மில்னருடன் சேர்ந்து 1957-இல் வெளியிட்டார். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். மொலேசன் கொடுத்த விலை அதனால் குறைந்துவிடவில்லை என்பதும் உண்மை.

மில்னர் ஒரு சோதனை செய்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு இடையே பென்சிலை ஓட்டவேண்டும். மூன்று நாட்களில் மொலேசன் கைதேர்ந்தார். ஆயினும் முன்பு அதைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! கையின் பழக்கமும் நிகழ்ச்சியின் நினைவும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

உயிருள்ள எலியின் கடற்குதிரையில் மெல்லிய மின்கம்பியைச் செருகிக் கேட்பது மற்றொரு முறை. 1971-இல் லண்டனில் ஓ'கீஃப், எலி குறிப்பிட்ட ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் அணுக்களைக் கண்டார். 2014-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மொலேசன் 2008-இல் 82-ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டு, சான் டியேகோ நகரில் அவர் மூளையை உறையவைத்து, 2,401 மெல்லிய சீவல்களாக அறுத்தார்கள். கடற்குதிரையின் பின்பகுதி எஞ்சியிருந்தது. அவர் உயிருடன் இருந்தபோதே, 1997-இல் வெளியான காந்த அதிர்வுப் படங்கள் இதைக் காட்டியிருந்தன. ஸ்கோவில் எட்டு சென்டிமீட்டர் நீக்கியதாக எண்ணியிருந்தார். உண்மையில் நீங்கியது ஐந்தளவே. எஞ்சிய பகுதி ஏன் பயன்படவில்லை? நான் முன்பு கூறிய வாயில், அந்தப் புறணி, ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. செய்தி உள்ளே வர வழியில்லை.