கலோத்சவ மேடையில் எல்லைப்புற ஆட்டங்கள்: மூன்று பழங்குடிக் கலைகளுக்குக் கிடைத்த இடமும் எழும் கேள்விகளும்

பாலக்காடு: கேரளப் பள்ளிக் கலோத்சவம் 1957-ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் தொடங்கியது. அட்டப்பாடி இருளரின் ஆட்டம் அதன் போட்டி வரிசையில் இடம்பெற 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்தில் அம்மாதம் 4 முதல் 8 வரை நடைபெற்ற 63-வது மாநிலக் கலோத்சவத்தில்தான் ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முறையாகப் போட்டியில் சேர்க்கப்பட்டன.

அவற்றுள் காசர்கோட்டின் மங்கலங்களி, வயநாட்டின் பணியர் நடனம் ஆகிய இரண்டும் வடகேரளத்துக்கு உரியவை. எஞ்சிய மூன்றும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை: பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியின் இருளர் நடனம், இடுக்கி மாவட்டம் மறையூரின் மலைப்புலையர் ஆட்டம், குமுளியின் பளியர் நடனம்.

எல்லைக்கு முந்தைய உறவு:

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தோடு அட்டப்பாடியும் கேரளத்துக்குச் சென்றது. மறையூர் அடங்கிய தேவிகுளம் வட்டத்தையும் குமுளி அடங்கிய பீர்மேடு வட்டத்தையும் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரிப் போராட்டங்கள் நடந்தும் அவை கேரளத்திலேயே நீடித்தன. மலைகளில் வாழ்ந்த மக்களை அப்போது எவரும் பெரிதாகக் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை. இருளர் நீலகிரி, கோவை மலைச்சரிவுகளிலும் வாழ்கின்றனர். பளியர் தேனி, திண்டுக்கல் மலைகளிலும் உள்ளனர். பளியர், மலைப்புலையர் பேச்சு தமிழின் கிளையாகவே ஒலிக்கிறது. இருளர் மொழி தனித்த திராவிட மொழி எனினும் தமிழுக்கு நெருங்கிய உறவுடையது.

அந்த நெருக்கத்தைத் திரையிசை வழியே பலர் உணர்ந்தனர். 2020-இல் வெளியான 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படத்தில் அட்டப்பாடியின் நஞ்சியம்மா இருளர் மொழியில் பாடினார். 2022-இல் அறிவிக்கப்பட்ட 68-வது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியாக அவர் தேர்வானார்.

மலைப்புலையரின் நிலை இன்னும் சிக்கலானது. கேரளத்தில் இவர்கள் பட்டியல் பழங்குடியினர். தமிழ்நாட்டிலோ புலையர் என்ற பெயர் பட்டியல் சாதியினர் வரிசையில் உள்ளது. மலைக்கு இப்புறம், ஆனைமலை, உடுமலை வனப்பகுதிகளில் வாழும் புலையர் பழங்குடித் தகுதி கோரி நெடுங்காலமாக மனு அளித்து வருகின்றனர். கேரளத்தில் பழங்குடிக் கலையாகப் பரிசு பெறும் ஆட்டத்துக்கு உரிய மக்கள், சில மைல் கிழக்கே பழங்குடியினராகவே கணக்கிடப்படுவதில்லை.

பாட்டில்லாத ஆட்டம்:

மூன்றில் பிற ஆட்டங்களிலிருந்து மிகவும் விலகி நிற்பது மலைப்புலையர் ஆட்டமே. இதற்குப் பாட்டு கிடையாது. ஆணும் பெண்ணும் உறுமி, கிடிமுட்டி, குழல் ஆகியவற்றின் ஓசைக்கேற்ப மெதுவாக அடியெடுத்துத் தொடங்கி, தாளம் முடுக முடுக வேகம் கூட்டுவர். மாரியம்மன், காளியம்மன் திருவிழாக்களில் இது ஆடப்படுகிறது. இருளர் ஆட்டத்துக்குப் பொறை, தவில், கொகல் எனப்படும் குழல், சால்ரா ஆகியவை துணை; பிறப்பு, திருமணம், அறுவடை மட்டுமின்றி இறப்புச் சடங்கிலும் இருளர் ஆடுவர். பளியர் நடனமும் தெய்வ வழிபாட்டோடு பிணைந்தது. களைப்புத் தீரும் வரை, சில வேளைகளில் விடியும் வரை நீளும் இத்தகைய ஆட்டங்களைக் கலோத்சவ மேடை சில நிமிடங்களுக்குள் கேட்கிறது.

யார் ஆடுவது?

கலோத்சவ விதிப்படி எந்தச் சமூகத்து மாணவரும் இவற்றை ஆடலாம். உயர் தரம் பெறுவோருக்குப் பொதுத்தேர்வில் கருணை மதிப்பெண்ணும் உண்டு. 2025-இல் திருச்சூர் 1,008 புள்ளிகளுடன் தங்கக் கோப்பையை வென்றது. பாலக்காடு 1,007 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. ஒரு புள்ளியில் கோப்பை கைமாறும் போட்டியில், புதிதாக வரும் எந்தப் பிரிவையும் பெரிய பள்ளிகள் விட்டுவைக்கமாட்டா. உடை, வாத்தியம், பயிற்சி ஆகியவற்றுக்குச் செலவிட அவற்றால் முடியும். முக்காலி போன்ற இடங்களில் உள்ள பழங்குடி மாணவர் உறைவிடப் பள்ளிகளால் அது எளிதன்று.

இதில் நன்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிற மாவட்டப் பள்ளிகள் அசல் அடவுகளுக்காக ஊர்ப் பெரியவர்களையே நாட வேண்டியுள்ளது. அவர்களுக்கு அது வருவாய். வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் மறைத்துப் பழகிய பிள்ளைக்கு, தன் தாத்தாவின் வாத்தியத்தை நகரத்து மாணவர் கற்க முயல்வதைக் காண்பது புதிய அனுபவம்.

கலோத்சவத்தில் தமிழ்க் கவிதை ஒப்பித்தல், தமிழ்ப் பேச்சு ஆகிய போட்டிகள் மொழிச் சிறுபான்மையினருக்காக ஏற்கெனவே உள்ளன. ஆனால் அங்கு பேசப்படுவது பாடநூல் தமிழ். மலையின் தமிழுக்கு வாய்த்தது 'பழங்குடிக் கலை' என்ற தனிப் பிரிவு.

அந்தப் பிரிவிலும் இன்னும் இடம்பெறாதவை உண்டு. இடுக்கியின் மன்னான் பழங்குடியினர் கோவலன், கண்ணகி கதையைக் கூத்தாக நிகழ்த்துகின்றனர். சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் திறக்கப்படும் மங்கலதேவி கண்ணகி கோயில் அதே மலைத்தொடரில், குமுளிக்கு அருகில்தான் உள்ளது. 2025-இல் சேர்க்கப்பட்ட ஐந்து கலைகளில் மன்னான் கூத்து இல்லை.