கடன் ஏடும் கல்லாப் பெட்டியும்

விற்பனை பெருக வேண்டும் என்று விரும்பாத வணிகர் இல்லை. ஆயினும், விற்பனை என்பது யாது என்று கேட்டால், 'சரக்கு கடையை விட்டு வெளியே போவது' என்றே பலரும் விடை கூறுவர். இவ்விடை பாதி உண்மையே ஆகும். சரக்கு வெளியே போய், அதன் விலை கல்லாவுக்குத் திரும்பி, அப்பணம் மீண்டும் சரக்காக மாறிய பின்னரே ஒரு விற்பனை நிறைவு பெறுகிறது. இச்சுழற்சி தடைப்பட்ட கடையில், காலை முதல் இரவு வரை கூட்டம் நின்றாலும் கைமுதல் தேய்ந்துகொண்டே போகும்.

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், லாபிஸ், சிகாமட், கூலாய் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த மளிகைக் கடைகள் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

தோட்டக் கடையும் 555 புத்தகமும்

பால்மரத் தொழிலாளிக்குச் சம்பளம் மாதம் ஒரு முறை. அரிசியும் பருப்பும் நாள்தோறும் வேண்டும். வடகிழக்குப் பருவ மழையின்போது மரம் வெட்ட இயலாத நாட்கள் பல. வருவாய் குறையும், வயிறு குறையாது. இவ்விடைவெளியை நிரப்பியது கடைக் கடன். அட்டையில் '555' என்று பொறித்த சிறிய குறிப்பேட்டில் சாமானும் விலையும் எழுதப்பட்டன. மலேசியாவில் '555 புத்தகம்' என்றால் கடன் ஏடு என்று சிறுவரும் அறிவர்.

ஆகவே, கடன் என்பது கடைக்காரரின் சூழ்ச்சியாலோ தொழிலாளியின் ஊதாரித்தனத்தாலோ தோன்றியதன்று. கூலி வழங்கும் முறையிலிருந்தே தோன்றியது. தீமை வந்த வழி வேறு. ஏடு கடைக்காரரிடமே இருந்த இடங்களில், எண்ணும் எழுத்தும் அறியாதவர் அதைச் சரிபார்க்க இயலவில்லை. கொடுத்தவருக்கு வராத பணத்தைப் பற்றிய கவலை. வாங்கியவருக்கு எழுதிய கணக்கைப் பற்றிய ஐயம். இருவருக்கும் இடையே நம்பிக்கை தேய்ந்தது.

தோட்டங்களை விட்டு நகர்ப்புறத் தாமான்களில் குடியேறிய குடும்பங்கள் இன்று பல. அங்கும் சிறு மளிகைக் கடைகள் உண்டு; அவற்றுட் பலவற்றில் அந்த ஏடும் உண்டு. எதிரே பேரங்காடி வந்துவிட்டது என்று கடைக்காரர் வருந்துகிறார். ஆனால் அவரது முதலில் ஒரு பகுதி தம் மேசை இழுப்பறைக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு சிறு கணக்கு

ஒரு கடையின் கைமுதல் 6,000 ரிங்கிட் என்று கொள்வோம். வாங்கிய விலைமீது நூற்றுக்கு 15 லாபம் வைத்து விற்கப்படுகிறது. போட்ட பணம் 30 நாளில் திரும்பினால், ஆண்டுக்கு 12 முறை அம்முதல் சுழலும். ஒரு சுழற்சிக்கு 900 ரிங்கிட் வீதம் ஆண்டில் 10,800 ரிங்கிட் கிடைக்கும். வாடகை, மின்சாரம், ஆட்கூலி யாவும் இதிலிருந்தே செல்ல வேண்டும்.

அதே சரக்கு, அதே விலை. ஆனால் கடனால் பணம் திரும்ப 60 நாள் ஆகிறது எனில், சுழற்சி ஆறாகவும் லாபம் 5,400 ரிங்கிட்டாகவும் குறைந்துவிடும். இதை ஈடுகட்ட லாபத்தை நூற்றுக்கு 20 ஆக உயர்த்தினாலும் 7,200 ரிங்கிட்டே தேறும். மாறாக, ரொக்கத்துக்கே விற்று, லாபத்தை நூற்றுக்கு 12 ஆகக் குறைத்தால் 8,640 ரிங்கிட் கிடைக்கும். விலையைக் குறைத்தவர் விலையை ஏற்றியவரைவிட மிகுதியாக ஈட்டுகிறார்!

வாராக் கடனின் கணக்கு இதனினும் கொடியது. நூற்றுக்கு 15 லாபத்தில் விற்ற 115 ரிங்கிட் சரக்குக்குப் பணம் வரவில்லை என்றால், கைமுதலில் 100 ரிங்கிட் போயிற்று. அதை மீட்க அதே அளவு விற்பனையை ஏறக்குறைய ஏழு முறை செய்தாக வேண்டும்.

கடன் ஆளையும் விரட்டும்

பணம் முடங்குவதைவிடப் பெரிய நட்டம் ஒன்றுண்டு. கடன் ஏறிய வாடிக்கையாளர் அக்கடை வாசலைக் கடக்கக் கூசுவார். வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவார். கையில் ரொக்கம் இருக்கும் நாளில் வேறு கடையில் சாமான் வாங்குவார். கை வறண்ட நாளில் மட்டுமே பழைய கடைக்கு வருவார். ஆகவே, கடன் கொடுத்த கடைக்காரர் பணத்தோடு அந்த மனிதரின் ரொக்க வியாபாரத்தையும் இழக்கிறார். விற்பனை குறைவதற்கு இதனினும் நேரான காரணம் வேண்டுமோ?

ரோச்டேல் நெசவாளர் கண்ட வழி

இதே இக்கட்டை இங்கிலாந்து நாட்டு ரோச்டேல் நகரத் தொழிலாளரும் கண்டனர். அங்கு 1833-இல் தொடங்கிய கூட்டுறவுக் கடை ஒன்று, கடன் கொடுத்தே நொடித்து 1835-இல் மூடப்பட்டது. அப்பாடத்தை அவ்வூரார் மறக்கவில்லை. நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் சேர்ந்து, 28 பவுன் முதலில், 1844 டிசம்பர் 21-ஆம் நாள் மீண்டும் ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய சில பண்டங்களே அங்கு இருந்தன. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ரொக்க வியாபாரம் ஆகியன அவர்களது கொள்கைகள். லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பங்கிட்டுத் திருப்பியும் கொடுத்தனர். இம்முறை உலகெங்கும் பரவியது; சென்னைத் திருவல்லிக்கேணியிலும் 1904-இல் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிற்று.

வள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தமை இங்கு எண்ணத்தக்கது. வணிகத்தின் வேர் நேர்மையான தராசு என்பதையே அவ்விடம் உணர்த்துகிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, பழைய கடனையும் புதிய வியாபாரத்தையும் பிரித்துவிட வேண்டும். "அக்கா, பழைய பாக்கியைச் சம்பளத்துக்குச் சம்பளம் இருபது வெள்ளியாகக் கொடுங்கள், போதும். இன்றைக்கு வாங்குவதற்கு மட்டும் ரொக்கம் கொடுங்கள்" என்று இன்சொல்லால் கூறினால், கூசி ஒதுங்கியவர் தலைநிமிர்ந்து கடைக்குள் வருவார். பாக்கி மெல்லக் கரையும். ரொக்கம் இன்றே வரும்.

இரண்டாவது, கடன் கொடுத்தே ஆக வேண்டிய குடும்பங்களுக்கு எல்லை வகுத்தல். நோயும் மழையும் எவர் வீட்டுக்கும் வரும். அறவே மறுப்பது அண்டை அயலாருக்கு அழகன்று. ஒரு வாரச் சாமானின் விலைக்கு மேற்படாமல் வரம்பு வைத்து, ஏடு இரண்டாக எழுதி, ஒன்றை வாங்குபவரிடமே கொடுத்துவிடலாம். அவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளை கூட்டிச் சரிபார்க்கட்டும்.

மூன்றாவது, விலைச்சீட்டும் தராசும். ஒவ்வொரு பண்டத்திலும் விலை தெரிந்தால் கேட்கத் தயங்குபவரும் வாங்குவார். சட்டப்படி சரிபார்த்து முத்திரையிட்ட தராசை வாங்குபவர் கண்ணெதிரே வைத்தல் நன்று.

நான்காவது, நாள்வாரி விற்பனைக் குறிப்பு. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலி வழங்கப்பட வேண்டும். ஆதலின், மாதத்தின் முதல் வாரத்தில் அரிசி, எண்ணெய் மூட்டையாகவும் டின்னாகவும் விலைபோகும். கடை வாரத்தில் சிறு பொட்டலங்களே ஓடும். மேலும், ஜொகூரில் 2014 முதல் 2024 முடிய வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025 ஜனவரி முதல் அது சனியும் ஞாயிறுமாக மாறிற்று. வெள்ளிக்கிழமை காலையில் பூசைச் சாமான் வாங்க வந்தவர் இப்போது வியாழன் மாலையே வரக்கூடும். குறிப்பு எழுதுபவர் இத்தகைய மாறுதலை ஒரே மாதத்தில் கண்டுகொள்வார். எழுதாதவர் வாடிய வெற்றிலையைக் குப்பையில் கொட்டுவார்.

ஐந்தாவது, ஓடும் சரக்கைத் தேர்தல். பேரங்காடியோடு சோப்பிலும் பால்மாவிலும் விலைப் போட்டியிடுவது வீண். வாழையிலை, முருங்கைக்கீரை, உடைத்த தேங்காய், அன்று அரைத்த மாவு ஆகியவற்றைப் புதிதாகத் தருவதில் சிறு கடையே வல்லது. 1938-இல் குளுவாங் இரயில் நிலையத்தில் தொடங்கிய காப்பிக்கடை, காப்பி, சுட்ட ரொட்டி, நாசி லெமாக் போன்ற எளிய பண்டங்களாலேயே ஊர் கடந்து பெயர் பெற்றது அன்றோ!

இவற்றுள் எதற்கும் பெருமுதல் வேண்டியதில்லை; ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். மாதக் கடைசியில் கடைக்காரர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, 'எவ்வளவு விற்றோம்?' என்பது மட்டுமன்று. 'போட்ட முதல் எத்தனை நாளில் திரும்பியது? சென்ற மாதம் வந்தவருள் எவர் இம்மாதம் வரவில்லை?' என்பனவும் ஆகும். வராதவர் பெயர் கடன் ஏட்டில் இருக்குமாயின், அவரை அழைத்துப் பேசுவதே அடுத்த நாளின் முதல் வேலையாகும்.