மூணு பெடலா... ரெண்டு பெடலா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டீக்கடை. வாசலில் வரிசையாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு பிரீமியர் பத்மினி, ஒரு மிட்சுபிஷி லான்சர். கடைசியாக, சத்தமே போடாமல் வந்து நின்றது ஒரு எலெக்ட்ரிக் கார். நாலு வண்டி, ஒன்பது பேர், பதினெட்டு டீ, ஒரு முடியாத சண்டை! நோட்டும் பேனாவுமாக நடுவில் மாட்டிக்கிட்டது நான். வாங்க, நீங்களும் ஒரு டீ சொல்லிட்டு உட்காருங்க.

தாத்தா காலத்து லவ்!

ஹெரால்டுக்காரர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "டேங்க்கையே பிரிச்சு மாட்டினவன் தம்பி நான். இது எனக்குப் பொம்மை" என்று பானட்டைத் தூக்கிக் காட்டினார். மட்கார்டோடு சேர்த்து மொத்த மூஞ்சியும் முன்பக்கமாகச் சாய்கிறது. இன்ஜின் பக்கத்தில் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம்ம காலேஜ் பார்க்கிங்குக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி!

ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை என்பது உங்களுக்குத் தெரியுமா? ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961ல் இருந்து இதைச் சென்னையில்தான் தயாரித்தது. அதே கம்பெனி 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கியது. உடம்பு, 1977ல் ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டம் வாங்கிய ரோவர். உள்ளே இருந்ததோ அரதப்பழசான இன்ஜின். விலையும் அதிகம், வேகமும் இல்லை. 1988ல் கதை முடிந்தது. "பேர் எவ்ளோ பெருசா இருந்தாலும், கொடுக்கிற காசுக்கு வண்டி இல்லேன்னா ஜனம் வாங்காது" என்றார் பெரியவர். இந்த டயலாக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

பழைய வண்டி வைத்திருப்பது சும்மா இல்லை பாஸ். 15 வருஷம் தாண்டிய காரைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 50 வருஷம் தாண்டினால் 'விண்டேஜ்' என்று தனி நம்பர் வாங்கலாம். ஆனால், அந்த வண்டியில் தினமும் ஆபீஸ் போகக் கூடாது.

இடது காலுக்கு வேலை உண்டா?

அடுத்த ரவுண்டு டீயோடு அடுத்த சண்டை... கியர்!

"கியர் போடாம ஓட்டறதுக்குப் பேர் டிரைவிங்கா?" என்று எகிறினார் லான்சர் அண்ணா. பத்மினி அண்ணா ஒருபடி மேலே. அவர் வண்டியில் கியர் லிவரே ஸ்டீயரிங்குக்குக் கீழேதான். "அதுல செகண்ட் கியர் போடத் தெரிஞ்சாத்தான் ஆம்பளை" என்றவரை, "அப்ப நான் யாரு?" என்று மடக்கினார் எலெக்ட்ரிக் கார் அக்கா. டீக்கடையே சிரித்தது. "சாயங்காலம் ஆறு மணிக்குப் பாடியில இருந்து ஆவடிக்கு மூணு பெடல் வண்டிய ஓட்டிட்டு வாங்க. இடது முட்டி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்!"

மெக்கானிக்கல் படிக்கிற உங்க நண்பனாக ஒரு சின்ன கிளாஸ். ஆட்டோமேட்டிக் எல்லாமே ஒண்ணு இல்லை. 2014ல் மாருதி செலேரியோ கொண்டுவந்த ஏ.எம்.டி. இருக்கே, அதில் கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் சாதா காரில் இருப்பதுதான். மிதிக்கிற வேலையையும் மாத்துகிற வேலையையும் மட்டும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் விலை குறைவு, கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டல். ஆனால், எலெக்ட்ரிக் காரில் கிளட்சே கிடையாது. மோட்டார் நின்ற இடத்தில் இருந்தே முழு இழுவையும் கொடுப்பதால், பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரே ஒரு கியர் போதும்.

விலைதான் வில்லன்!

சி.டி.எச். ரோட்டில் ஆவடி தாண்டி நேரே போனால் திருவள்ளூர். அங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998ல் பிறந்ததுதான் நம்ம அண்ணாவின் லான்சர். அதே இடத்தில் பிறகு சிட்ரோயன் வந்தது. 2022ல் சி3 பெட்ரோல் கார் 5.71 லட்சத்தில் ஆரம்பித்தது. 2023ல் அதன் எலெக்ட்ரிக் தம்பி 11.50 லட்சம். ஒரே முகம், ஒரே ஊர், டபுள் விலை!

டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட்டோம். பெட்ரோலுக்கு கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் சொச்சம். வீட்டில் சார்ஜ் போட்டால் ஒரு ரூபாய் சொச்சம். ஐந்து ரூபாய் மிச்சம். விலை வித்தியாசத்தை ஈடுகட்ட 1,16,000 கிலோமீட்டர் ஓட்டணும். தினம் 40 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் என்றால், கிட்டத்தட்ட பத்து வருஷம். பேட்டரிக்குப் பல கம்பெனிகள் தருவது 8 வருஷ வாரண்டி. கொடுக்கிற காசுக்கு வண்டி... ஞாபகம் இருக்கா?

"ஆனா குறையுதே!" என்றார் அக்கா. அதுவும் நிஜம். ஒரு யூனிட் கரண்ட்டைச் சேமிக்கும் பேட்டரிக்கு 2010ல் 1,000 டாலருக்கும் மேல். 2024ல் 115 டாலர். டாடா டியாகோ எலெக்ட்ரிக் 2022ல் 8.49 லட்சத்தில் ஆரம்பித்து, 2024ல் 7.99 லட்சத்துக்கு இறங்கியது.

டீ ஆறிப்போச்சு...

இந்த இடத்தில் நான் நோட்டை மூடிட்டேன். காரணம், என் அப்பா.

எஸ்டேட்டில் ஒரு சின்ன கடைசல் பட்டறையில் அவருக்கு வேலை. இருபத்திரண்டு வருஷமாக அவர் கடைவது எல்லாமே கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகிற உதிரிபாகங்கள். என் செமஸ்டர் ஃபீஸ் அந்த இரும்புத் தூளில் இருந்துதான் வருது. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு அப்பா உண்டு. உங்க வீட்டிலும் இருக்கலாம்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "எல்லாம் எலெக்ட்ரிக் ஆயிட்டா என்னப்பா பண்ணுவீங்க?"

"பிரேக் இருக்கும். வீல் இருக்கும். அந்த ஒரு கியரையாவது யாராவது கடையணும்ல?" என்றார்.

அவர் சும்மா சொல்லலை. இன்ஜின் சத்தம் இல்லாத காரில் கியரின் சின்ன 'ங்கொய்'கூடக் காதில் விழும். அதனால் அந்தக் கியர் இன்னும் துல்லியமாக இருக்கணும். அதற்குப் புது மெஷின் வேணும், பட்டறைக்குக் கடன் வேணும், இயக்கத் தெரிந்த ஆள் வேணும்.

2024ல் இந்தியாவில் விற்ற கார்களில் எலெக்ட்ரிக் நூற்றுக்கு மூணுகூட இல்லை. விலைதான் தடுத்து வைத்திருக்கிறது. கார் பிரியர்கள் திட்டுகிற அதே விலைதான் எங்க அப்பா மாதிரி ஆட்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். அது குறையக் குறைய, இதுவும் குறையும்.

அதனால மெக்கானிக்கல் மக்களே, கியர் டிசைன் பேப்பரை 'இது எதுக்குடா'ன்னு அரியர் வைக்காதீங்க. மோட்டார் பக்கமும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்க. அடுத்த ஞாயிறு நானும் அப்பாவைக் கூட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போறேன். எலெக்ட்ரிக் கார் அக்கா ஒரு ரவுண்டு தர்றதா சொல்லியிருக்காங்க.

ஓட்டப்போவது, அப்பா!